வக்கீல் இல்லாமல் விவாகரத்து: இங்கிலாந்தின் 612 பவுண்டு கணக்கு

இங்கிலாந்தில் விவாகரத்து வாங்க வக்கீல் வேண்டுமா? வேண்டாம். சட்டம் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் "சரி, இதோடு போதும்" என்று ஒத்துப்போய்விட்டால், அரசாங்க இணையதளத்தில் ஒரு படிவம், கல்யாணச் சான்றிதழின் ஸ்கேன், 612 பவுண்டு கட்டணம். அவ்வளவுதான். பெரும்பாலும் கோர்ட் வாசலை மிதிக்கக்கூட வேண்டியதில்லை.

ரெடிங்கில் இருக்கும் கல்லூரி நண்பன் ஒருவன், "சாலிசிட்டர் ஃபீஸைக் கேட்டா தலை சுத்துதுடா, இதை நாங்களே பண்ணிக்க முடியாதா?" என்று கேட்டதிலிருந்து இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். தோண்டியதில் தெரிந்தது இதுதான்: அவன் பயந்துகொண்டிருந்த பகுதி ரொம்பச் சுலபம். அவன் யோசித்தே பார்க்காத இன்னொரு பகுதியில்தான் பள்ளம் இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை, பி.இ. படித்துவிட்டு கோட் எழுதிப் பிழைப்பவன். அதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். இன்னொன்று, நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் தனிச் சட்டம், தனிக் கோர்ட்.

இரண்டு பேரும் சம்மதித்தால் சுலபமாக முடியவேண்டும் என்பது நமக்கு இயல்பாகத் தோன்றும். அந்த ஊரில் ஒரு காலத்தில் நிலைமை நேர் தலைகீழ். 1857-க்கு முன்னால் மறுமணம் செய்துகொள்ளும்படியான முழு விவாகரத்து வேண்டும் என்றால் நாடாளுமன்றத்தில் உங்கள் பெயருக்கு ஒரு தனிச் சட்டம் போடவேண்டும். பெரும் பணக்காரர்கள் சமாச்சாரம். 1857 சட்டம் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அடிப்படைக் காரணம் என்று பார்த்தால் கள்ள உறவுதான். அதிலும் இருவரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் விவாகரத்து கிடையாது. கூட்டுச்சதி! இதை மோப்பம் பிடிப்பதற்கென்றே 'கிங்ஸ் ப்ராக்டர்' என்று ஓர் அதிகாரி இருந்தார்.

விளைவு, பெரிய கூத்து. 1920களிலும் 30களிலும் பிரிய நினைத்த கனவான்கள் பிரைட்டன் மாதிரி கடலோர ஊரில் ஹோட்டல் அறை எடுத்து, கூலிக்கு ஒரு பெண்ணை அழைத்து வந்து, ராத்திரி முழுக்கச் சீட்டாடிவிட்டு, காலையில் டீ கொண்டுவரும் பணிப்பெண் பார்க்கும்படி கட்டிலில் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பணிப்பெண்தான் சாட்சி. இதை நையாண்டி செய்து ஏ.பி. ஹெர்பர்ட் 1934-ல் 'ஹோலி டெட்லாக்' என்று ஒரு நாவல் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் நாடாளுமன்றத்துக்கே போய் 1937-ல் சட்டத்தை மாற்றவும் வைத்தார். கொடுமை, கைவிட்டுப் போதல், தீராத மனநோய் ஆகியவையும் காரணங்களாகச் சேர்ந்தன.

1971-ல் அமலுக்கு வந்த அடுத்த சட்டத்தில், பரஸ்பர சம்மதம் இருந்தால்கூட இரண்டு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்கவேண்டும். சம்மதம் இல்லாவிட்டால் ஐந்து வருஷம். அவசரமாக வேண்டும் என்றால் யாராவது ஒருவர் மேல் பழி போட்டாகவேண்டும். ஆகவே நல்லபடியாகப் பிரிய நினைத்தவர்கள்கூட உட்கார்ந்து எதிராளியின் குற்றப்பட்டியலைத் தயாரித்தார்கள். ஓவன்ஸ் வழக்கு இதன் உச்சம். 1978-ல் கல்யாணமான டினி ஓவன்ஸ் கணவரின் நடத்தைக்கு 27 உதாரணங்களைக் கொடுத்தார். கணவர் எதிர்த்தார். 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மனமில்லாமல்தான், அந்த அம்மாவின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஐந்து வருஷக் கணக்கு முடிய 2020 வரை அவர் கல்யாணத்திலேயே இருக்கவேண்டியதாயிற்று.

அந்தத் தீர்ப்பு கிளப்பிய எரிச்சலும் சேர்ந்து பிறந்ததுதான் 2020 சட்டம். 2022 ஏப்ரல் 6-ல் அமலுக்கு வந்தது. இப்போது காரணமே சொல்லவேண்டாம். 'எங்கள் மணவாழ்வு மீளமுடியாதபடி முறிந்துவிட்டது' என்ற ஒரு வாக்குமூலம் போதும், கோர்ட் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாகவேண்டும். முக்கியமான விஷயம், இருவரும் சேர்ந்தே விண்ணப்பிக்கலாம். கூட்டுச்சதி என்று தண்டித்த அதே காரியத்துக்கு இன்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது!

சரி, நடைமுறைக்கு வருவோம். நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் இது ஒரு ஸ்டேட் மெஷின், நடுவில் இரண்டு டைமர்.

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்திருக்கவேண்டும். இருவரில் ஒருவருக்காவது அந்த நாட்டில் நிலையான வசிப்பிடம் மாதிரியான ஒட்டு இருக்கவேண்டும். விண்ணப்பத்தைப் போட்டதும் கோர்ட் அதைப் பதிவு செய்து ஒரு தேதி கொடுக்கும். அந்தத் தேதியிலிருந்து 20 வாரம் காத்திருக்கவேண்டும். நீங்கள் சப்மிட் பட்டனை அழுத்திய தேதியிலிருந்து அல்ல. அதன்பின் 'நிபந்தனை ஆணை' கேட்கலாம். அது கிடைத்து ஆறு வாரமும் ஒரு நாளும், அதாவது 43 நாள் கழிந்தபின் 'இறுதி ஆணை'. பழைய சினிமாக்களில் வரும் டிகிரி நைசி, டிகிரி அப்சல்யூட் எல்லாம் இவற்றின் பழைய பெயர்கள்தான். மொத்தத்தில் ஆறு மாதத்துக்குக் குறையாது, கோர்ட் வேகத்தைப் பொறுத்து கூடலாம். வக்கீல் வைத்தாலும் இந்த டைமர்கள் ஓடுகிற வேகம் மாறாது.

தனியாக விண்ணப்பித்தால் எதிர்த்தரப்பு 14 நாளுக்குள் 'கிடைத்தது' என்று பதில் போடவேண்டும். அவர் ஈமெயிலைத் திறக்காமல் இருந்துவிட்டால் அவர் கையில் சேர்ந்ததை நிரூபிக்கிற தலைவலி உங்களுக்கு. கூட்டு விண்ணப்பத்தில் அது கிடையாது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பேரும் கிளிக் செய்யவேண்டும். ஒருவர் சுணங்கினால் வண்டி நிற்கும். அப்படி நின்றால் நடுவழியில் தனி விண்ணப்பமாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

கட்டணம் 2025 ஏப்ரலில் 593-லிருந்து 612 ஆனது. குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. இதில் ஒரு சூட்சுமம்: கூட்டு விண்ணப்பம் என்றால் இருவருமே தகுதியாக இருக்கவேண்டும். தனி விண்ணப்பம் என்றால் விண்ணப்பிப்பவரின் வருமானமும் சேமிப்பும் மட்டும்தான் கணக்கு. பிரியப்போகும் துணையின் சம்பளம் கணக்கில் வராது. வீட்டில் இருக்கும் மனைவி தனியாக விண்ணப்பித்தால் கட்டணம் குறையலாம், இல்லாமலே போகலாம். (ஆனால் இந்தியாவில் கல்யாணம் செய்தவர்கள் அவசரப்படவேண்டாம், கீழே ஒரு காரணம் வருகிறது.)

கூகிளில் தேடினால் மேலே வந்து நிற்கிற, நாற்பது ஐம்பது பவுண்டுக்கு 'முழு விவாகரத்து' என்று விளம்பரம் செய்கிற தனியார் தளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோர்ட் கட்டணம் அதில் சேராது. அவர்கள் நிரப்புகிற படிவத்தை நீங்களே அரை மணி நேரத்தில் நிரப்பலாம்.

இனிதான் பள்ளம்.

டேல் வின்ஸ் என்று ஒருவர். 1981-ல் கேத்லீன் வயட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். கையில் காசு கிடையாது, ஹிப்பி வாழ்க்கை. இரண்டு மூன்று வருஷத்தில் பிரிந்தார்கள். 1992-ல் முறைப்படி விவாகரத்து. அதன்பின் வின்ஸ் காற்றாலை மின்சாரத்தில் இறங்கி எகோட்ரிசிட்டி என்ற கம்பெனியை ஆரம்பித்துக் கோடீஸ்வரர் ஆனார். 2011-ல், விவாகரத்தாகிப் பத்தொன்பது வருஷம் கழித்து, கேத்லீன் ஜீவனாம்சப் பங்கு கேட்டுக் கோர்ட்டுக்கு வந்தார். 'இதெல்லாம் ஒரு வழக்கா?' என்று தள்ளிவிடப் பார்த்தார் வின்ஸ். பழைய கோர்ட் ஃபைல் கிடைக்கவில்லை. பண விஷயம் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் ஆணை எதையும் அவரால் காட்ட முடியவில்லை. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், வழக்கு நடக்கலாம் என்று சொல்லிவிட்டது. கடைசியில் 2016-ல் 3 லட்சம் பவுண்டு கொடுத்து முடித்தார். வழக்குச் செலவு வேறு.

ஏன் இப்படி? இறுதி ஆணை கல்யாணத்தை மட்டும்தான் முடிக்கிறது. ஒருவர் மேல் ஒருவருக்கு இருக்கிற பண உரிமைகளை அது தொடுவதே இல்லை. அதற்கென்று காலவரம்பும் கிடையாது. வீடு, சேமிப்பு, பென்ஷன், நாளை வரப்போகிற பரம்பரைச் சொத்து, லாட்டரி, எல்லாமே வருஷக்கணக்கில் திறந்த கதவு. நீங்கள் இருவரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து 'உனக்கு இது, எனக்கு அது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் அந்தக் கதவைப் பூட்டாது.

பூட்டுவது கோர்ட்டின் 'சம்மத ஆணை' மட்டும். இன்னார் இன்னதைக் கொடுக்கிறார், இனிமேல் இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று வரைவு எழுதி, இருவரின் வரவு, சொத்து, கடன், பென்ஷன் எல்லாவற்றையும் டி81 என்கிற படிவத்தில் சுருக்கமாக நிரப்பி அனுப்பவேண்டும். கட்டணம் அறுபது பவுண்டு அளவில். வழக்கமாக நேரில் ஆஜராக வேண்டியதில்லை. ஆனால் நீதிபதி ரப்பர் ஸ்டாம்ப் இல்லை. 1973 சட்டத்தின் 25-வது பிரிவின்படி நியாயமாக இருக்கிறதா என்று பார்ப்பார். சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் நலன்தான் முதல் அளவுகோல். வீடு முழுக்க ஒருவருக்கே போகிறது, காரணம் எழுதவில்லை என்றால் கேள்வியோடு திருப்பி அனுப்புவார். கோட் ரிவ்யூவில் 'இது ஏன்?' என்று கமென்ட் வருவது போலத்தான். படிவத்தில் அதற்கான இடத்தில் உங்கள் காரணத்தைச் சொந்த வார்த்தையில் எழுதினால் பாதிக் கேள்விகள் வராது.

'எங்ககிட்டதான் பங்கு போட ஒண்ணுமே இல்லையே' என்பவர்களுக்குத்தான் இது அதிகம் பொருந்தும். 1992-ல் வின்ஸிடமும் ஒன்றும் இல்லை.

இதில் நேரம் பார்த்துச் செய்யவேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. சம்மத ஆணையை நிபந்தனை ஆணை கிடைத்தபின்தான் கோர்ட் போட முடியும். 20 வாரக் காத்திருப்பை வரைவு தயாரிக்கப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், சும்மா எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அதன்பின் 43 நாள் முடிந்ததே என்று உடனே இறுதி ஆணை கேட்காதீர்கள். சம்மத ஆணை முத்திரையோடு கைக்கு வரட்டும். இறுதி ஆணை விழுந்த நிமிஷம் நீங்கள் மனைவியோ கணவனோ இல்லை. அதற்கும் பணப் பங்கீட்டுக்கும் நடுவில் எதிராளி இறந்துபோனால், துணைக்குப் போகவேண்டிய பென்ஷன் உங்களுக்கு வராது. உயிலில் உங்கள் பெயர் இருந்தாலும், நீங்கள் ஏற்கெனவே இறந்துவிட்டது மாதிரிதான் அது படிக்கப்படும். பென்ஷனைப் பிரிக்கவேண்டும் என்றால் கோர்ட் ஆணை இல்லாமல் பென்ஷன் நிறுவனம் ஒரு பென்ஸைக்கூட நகர்த்தாது.

இரண்டாவது, மறுமணம். பண விஷயத்தைக் கோர்ட்டில் கேட்காமலேயே நீங்கள் மறுபடி கல்யாணம் செய்துகொண்டால், வீட்டில் பங்கோ மொத்தத் தொகையோ கேட்கும் உரிமை போய்விடும். வேடிக்கை என்னவென்றால், கல்யாணம் செய்துகொள்ளாத உங்கள் முன்னாள் துணை உங்களிடம் கேட்கலாம். ஒருவழிப் பாதை.

செலவைப் பற்றி என் தீர்மானம் இது: விவாகரத்து விண்ணப்பத்துக்கு வக்கீல் வேண்டாம். சம்மத ஆணையின் வரைவு என்ற அந்த ஒரே ஆவணத்துக்கு மட்டும் நிலையான கட்டணம் பேசி ஒரு சாலிசிட்டரைப் பிடியுங்கள். 'அட்வைஸ்நவ்' போன்ற தொண்டு அமைப்புகளின் வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு அதையும் சொந்தமாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 2013-ல் குடும்ப வழக்குகள் பெரும்பாலானவற்றுக்கு இலவச சட்ட உதவியை நிறுத்தியபின் அப்படி எழுதப் பழகியாகவேண்டிய நிலையும் வந்தது. ஆனால் வீடு, பெரிய பென்ஷன், சொந்தக் கம்பெனி என்று ஏதாவது இருந்தால் அங்கே சிக்கனம் பார்ப்பது சரியில்லை. ஒரு வாக்கியம் தப்பாக விழுந்தால் கதவு மூடாது. பேச்சுவார்த்தையே முட்டிக்கொண்டு நின்றால் சாலிசிட்டருக்கு முன்னால் மீடியேட்டரைப் பாருங்கள். வீட்டில் அடி உதை, மிரட்டல் இருந்தாலோ, ஒருவர் கணக்கை மறைக்கிறார் என்று சந்தேகம் இருந்தாலோ இந்தக் கட்டுரையே உங்களுக்கானது இல்லை. முதலில் வக்கீலிடம் போங்கள்.

மறைப்பதைப் பற்றி, நம் தொழிலில் இருந்தே ஓர் உதாரணம். சார்லஸ் ஷார்லண்ட் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தார். பிரிவின்போது கம்பெனியைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோகும் திட்டம் இல்லை என்ற நிலையை எடுத்தார். அதை நம்பி மனைவி அலிசன் உடன்பட்டார். உண்மையில் அதற்கான ஏற்பாடுகள் ஓடிக்கொண்டிருந்தன. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே இல்லை என்று அந்த உடன்பாட்டைத் தூக்கி எறிந்தது. அதே நாளில் கோஹில் என்ற இன்னொரு தம்பதியின் வழக்கிலும் அதே போக்கு. ஆக, பொய் சொல்லி வாங்கிய பூட்டும் பூட்டாது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் ஆச்சரியமாக ஒதுங்கி நிற்கிறது. யாருடன் எத்தனை நாள் என்று பெற்றோர் ஒத்துப்போனால் கோர்ட் ஆணை எதுவும் தேவையில்லை, விவாகரத்துப் படிவத்திலும் அதைப் பற்றி விவரம் கேட்பதில்லை. பராமரிப்புத் தொகைக்கு அரசாங்கத் தளத்திலேயே கால்குலேட்டர் இருக்கிறது. இருவரும் அதில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தால் சண்டை குறையும்.

நம்மவர்களுக்கு மட்டும் வருகிற சில சிக்கல்கள். சான்றிதழ் ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். யாழ்ப்பாணத்துப் பதிவானாலும் சரி, தஞ்சாவூர்ப் பதிவானாலும் சரி. டி81-ல் உலகம் முழுக்க உள்ள சொத்தையும் சொல்லவேண்டும்: போரூர் ஃப்ளாட், ஊரில் அப்பா உங்கள் பேரில் எழுதிவைத்த மனை, பி.எஃப்., லாக்கரில் இருக்கும் தங்கம். 'அது இந்தியாவுல இருக்கு, கணக்குல வராது' என்று நினைக்காதீர்கள். ஷார்லண்ட் கதைதான் திரும்பும்.

கூட்டு விண்ணப்பமா, தனியா என்ற கேள்விக்கு இங்கே திரும்பி வருகிறேன். இந்து திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்தவர்களின் வெளிநாட்டு விவாகரத்தை இந்தியக் கோர்ட்டுகள் அப்படியே ஏற்பதில்லை. 1991-ல் நரசிம்ம ராவ் எதிர் வெங்கட லட்சுமி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு விதி சொன்னது: எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளும் அதிகார வரம்பும் காரணமும் இருக்கவேண்டும். 'மணவாழ்வு முறிந்துவிட்டது' என்பது மட்டும் அந்தச் சட்டத்தில் ஒரு காரணமே இல்லை. ஆனால் விதிவிலக்குகளும் சொன்னது, அதில் ஒன்று எதிர்த்தரப்பு சம்மதித்திருந்தால். இருவர் பெயரும் விண்ணப்பதாரர்களாக இருக்கிற கூட்டு விண்ணப்பத்தைவிடத் தெளிவான சம்மதச் சான்று என்ன இருக்க முடியும்? மனைவி தனியாகப் போட்டால் மிச்சமாகிற 612 பவுண்டுக்காக இதை விட்டுவிடவேண்டாம் என்பது என் கட்சி. ஊரில் சொத்து இருந்தாலோ, ஊரில் மறுமணம் செய்யும் எண்ணம் இருந்தாலோ இந்திய வக்கீல் ஒருவரிடமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள்.

கடைசியாக விசா. ஒருவர் வேலை விசாவிலும் மற்றவர் அவரைச் சார்ந்த டிபெண்டண்ட் விசாவிலும் இருந்தால், உறவு முறிந்ததை உள்துறைக்குச் சொல்லவேண்டும். சொன்னபின் டிபெண்டண்டின் விசாக் காலம் சுருக்கப்படலாம். அதனால் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே அவர் எந்த விசாவுக்கு மாறப்போகிறார், சொந்தமாக ஸ்பான்சர் கிடைக்குமா, குழந்தையின் பள்ளி ஆண்டு எப்போது முடிகிறது என்பதையெல்லாம் இருவரும் உட்கார்ந்து பேசி, விண்ணப்பத் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.